புதுமருந்தும் உரியோர் இசைவும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் சங்கச் செய்யுள் ஒன்றையோ புராணப் படலம் ஒன்றையோ எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்டதோ மலேரியாக் காய்ச்சலுக்குரிய மருந்து. அம்மருந்தின் இயல்பைப் பற்றியுமன்று. ஒரு நாடு தன் மக்களுக்கு நெடுங்காலம் வழங்கிவந்த மருந்தைக் கைவிட்டுப் புதியதொன்றை ஏற்கும்போது யார் யாரைக் கேட்டல் வேண்டும், கேளாதுவிட்டால் யாது விளையும் என்பதைப் பற்றி. யான் வைத்தியங் கற்றவனல்லேன். கிழக்காபிரிக்காவிற் பல்லாண்டு பணியாற்றி மீண்ட நம் பழைய மாணவரான வைத்தியர் ஒருவரோடு சென்ற விடுமுறையில் அளவளாவியபோது இப்பொருளிற் பற்று உண்டாயிற்று. அதன்பின் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன். பிழை காணும் வைத்தியப் பெருமக்கள் பொறுத்தருள்வாராக.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு சொல். இத்துறையினர் 'ஸ்டேக்ஹோல்டர்' என்றொரு சொல்லை வாய்க்கு வாய் வழங்குவர். நம் அலுவலகங்களில் அதனைப் 'பங்குதாரர்' என மொழிபெயர்த்துச் சுற்றறிக்கை அனுப்புகின்றனர். பங்குதாரர் என்றால் வியாபாரத்தில் முதலிட்டு இலாபம் பெறுவோரே நம் மனத்தில் எழுவர். காய்ச்சலிற் கிடக்கும் குழந்தையின் தாய் எந்த வியாபாரத்தின் பங்குதாரர்? ஆகவே இக்கட்டுரையில் 'உரியோர்' என்னும் பழஞ்சொல்லையே வழங்குகின்றேன். ஒரு கருமத்தின் நன்மையும் தீமையும் எவரைச் சாருமோ அவர் அக்கருமத்துக்கு உரியோர்.

இனி, மருந்தை ஏன் மாற்றல் வேண்டும்? 1934ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே பேயர் நிறுவனத்து இரசாயன அறிஞர் ஹான்ஸ் அன்டர்சாக் என்பார் குளோரோகுயின் என்னும் பொருளை ஆக்கினார். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அது உலகெங்கும் பரந்தது. விலை மலிவு, பக்கவிளைவு குறைவு, மூன்று நாளிற் காய்ச்சல் தணியும். கொயினாவின் கைப்பை அறிந்திருந்த தலைமுறையினர்க்கு அது வரமாகவே தோன்றிற்று. ஆயின் 1950களின் இறுதியில் தாய்லாந்து, கம்போடியா எல்லைப் புறத்திலும் தென்னமெரிக்காவிலும் இம்மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணிகள் தோன்றின. 1970களின் பிற்பகுதியில் அவை கிழக்காபிரிக்காவை அடைந்தன. அங்கிருந்து மேற்கே பரவிக் கண்டம் முழுவதையும் கவ்வின. மருந்தை விழுங்கிய குழந்தைக்குக் காய்ச்சல் இரண்டு நாள் தணிவது போலத் தணியும். இரண்டு வாரத்தில் மீளும். குருதி வற்றி வெளிறும். இவ்வாறு இறந்தோர் தொகை பெரிது.

ஒரு மருந்து தோற்றது என எப்போது தீர்மானிப்பது? முன்னாளில், நூறு நோயாளரில் இருபத்தைவர்க்கு மருந்து பலியாதபோதே அதனை மாற்றுக என வழிகாட்டினர். பின்னர் 2006ஆம் ஆண்டின் வழிகாட்டியில் உலக சுகாதார தாபனம் அவ்வெல்லையைப் பத்தாகக் குறைத்தது. புதிதாக ஏற்கும் மருந்தோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாது குணந்தருதல் வேண்டும் என்றது. இவ்வெண்களைப் படிக்க எளிதாயிருக்கிறது. அவற்றைப் பெறுவதற்கு நாட்டின் பல பாகங்களிற் சிறு குழந்தைகளுக்கு மருந்தூட்டி, இருபத்தெட்டு நாள்வரை மீண்டும் மீண்டும் விரலிற் குருதியெடுத்துச் சோதித்தல் வேண்டும். கென்யா, தன்சானியா, உகண்டா முதலிய நாடுகளின் ஆய்வாளரும் சுகாதார அமைச்சினரும் 1990களின் பிற்பகுதியில் ஒரு வலையமைப்பாகக் கூடி, ஒரே முறையிற் சோதனை செய்து முடிவுகளைத் தம்முட் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினர். ஆராய்ச்சி செய்தவரும் ஆணையிடுபவரும் ஒரே மேசையில் இருந்தமை இதன் சிறப்பு. ஆராய்ச்சி இதழிலே மட்டும் கிடந்த முடிவுகள் பல அமைச்சரின் கண்ணுக்கு எட்டாமலே பழுதாயின என அந்நாட்டாரே எழுதியுள்ளனர்.

சகாராவுக்குத் தெற்கே குளோரோகுயினை முதலிற் கைவிட்ட நாடு மலாவி. ஆண்டு 1993. அதற்கு மாற்றாகச் சல்பாடொக்சினும் பிரிமெதமினும் சேர்ந்த கலவையை ஏற்றனர். சுருக்கங் கருதி அதனை எஸ்.பி. என்பர். ஒரே வேளையில் விழுங்கி முடியும் மருந்து அது. மலாவியர் செய்ததில் வியக்கத்தக்கது புதியதைக் கொணர்ந்தமையன்று, பழையதை உண்மையாகவே அகற்றியமை. அரசாங்க வைத்தியசாலை மட்டுமன்றி இறக்குமதியாளர், கடைக்காரர் வரையில் குளோரோகுயின் நீங்கிற்று. அதன் பயன் எவரும் எதிர்பாராதது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2005இல், பிளன்ரயர் நகரிலே குழந்தைகளிடத்து மீண்டும் அப்பழைய மருந்தைச் சோதித்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு பலித்தது! அப்போது வழக்கிலிருந்த எஸ்.பி.யோ இருபத்தொரு பங்கே பலித்தது. மருந்தின் நெருக்கல் நீங்கியதும் அதற்கு அடங்காத ஒட்டுண்ணிகள் மங்கி, அடங்குவன மீண்டும் பல்கின. அயல்நாடுகள் சிலவற்றில் ஆணை ஒன்றாகவும் கடை வேறாகவும் இருந்தமையால் இம்மாற்றம் இத்துணை விரைவில் நிகழவில்லை. கடைக்காரர் இசைந்தாரா இல்லையா என்பது ஒட்டுண்ணியின் பரம்பரையிலேயே எழுதப்படுகின்றது என்றால் மிகையாகாது.

தன்சானியாவின் கதை வேறு. அங்கே 2001ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் குளோரோகுயின் நீக்கப்பட்டு எஸ்.பி. முதன்மருந்தாயிற்று. சோதனைகள் செம்மையாக நடந்தன, வல்லுநர் குழு கூடிற்று, அமைச்சு இசைந்தது. ஆயினும் ஊரில் உள்ளோர்க்கு ஐயம் எழுந்தது. காரணம் இரண்டு. குளோரோகுயின் ஒட்டுண்ணியை வெல்லாதவிடத்தும் காய்ச்சலின் வெம்மையை ஓரளவு தணிக்கும் தன்மையுடையது. எஸ்.பி.க்கு அத்தன்மையில்லை. மருந்து உண்ட மறுநாளும் குழந்தையின் உடல் கொதிக்கும். இதனைத் தாய்மார்க்கு முன்கூட்டியே சொல்லி, உடன் பரசிற்றமோலும் கொடுத்திருந்தால் ஐயத்துக்கு இடமிராது. இரண்டாவது, சல்பா மருந்துகளால் அரிதாகத் தோல் உரிந்து உயிருக்கே ஊறு நேர்வதுண்டு. 1980களில் அமெரிக்கப் பிரயாணிகள் சிலர் நோய் வாராமைப் பொருட்டு வாரந்தோறும் இதனை உண்டு இறந்த செய்தி உலகறிந்தது. வாரந்தோறும் உண்பதும் நோய்க்கு ஒருமுறை உண்பதும் ஒன்றல்ல. ஒருமுறை உண்பதில் அபாயம் மிகக் குறைவு. ஆயின் இவ்வேறுபாடு பத்திரிகையில் வருமுன் அச்சம் வந்துவிட்டது. கொப்புளம் எழுந்த ஒருவரின் படம் பத்து விளக்கவுரைகளை வென்றுவிடும். விலக்கப்பட்ட குளோரோகுயினையே கடைகளில் தேடிச் சென்றோர் பலர். வைத்திய ஊழியர் சிலரும் தம் பிள்ளைகளுக்கு எதனைக் கொடுப்பதெனத் தயங்கினர். பத்திரிகை எழுதுவோரும் உரியோரே. அவர்களைக் கடைசியில் நினைத்தவர்களே பெரும்பாலோர்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் ஈற்றுக் குறளில் மருத்துவத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்கு கூறாக்கி வைத்தார். இதனை வகுப்பிற் பலமுறை கற்பித்திருக்கின்றேன். நான்காவது கூற்றின் கனத்தை மெய்யாக உணர்ந்தது வகுப்பறையிலன்று. 1996ஆம் ஆண்டில், இடம்பெயர்ந்து வன்னியிலே ஒரு பாடசாலைக் கட்டடத்தில் நாம் தங்கியிருந்த காலம். எனக்கு வயது பதினான்கு. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. குருதி சோதித்து மலேரியா என்றனர். இரண்டு வகைக் குளிசைகள் தந்தனர். ஒன்று மூன்று நாளைக்கு, மற்றையது பதினான்கு நாளைக்கு. நான்காம் நாள் உடல் குளிர்ந்ததும் அம்மா, "காய்ச்சல் விட்டிட்டுது; இனி என்னத்துக்கு இந்தக் கைப்பு? தம்பிக்கு வந்தால் உதவும்" என்று சொல்லி, எஞ்சிய குளிசைகளைப் பால்மாப் பேணியில் இட்டு மூடிவைத்தார். தம்பிக்கும் வந்தது. அவனுக்கு அவை சென்றன. ஈரலில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை அழிப்பதற்கே பதினான்கு நாள் மருந்து என்பதை எமக்கு எவரும் கூறவில்லை. கூறியிருந்தாலும் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்ற அவ்விடத்தில் அம்மாவின் செவியில் விழுந்திராது. மூன்றாம் மாதம் எனக்கு மீண்டும் காய்ச்சல் கண்டது. அம்மாவை அறியாமையுடையார் என யான் எண்ணியதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பங்கு மருந்து என்பது அவர் முன்னிருந்த கணக்கு. அக்கணக்கை எந்தத் திட்டமும் கேட்டறியவில்லை.

நிற்க. எஸ்.பி.யும் விரைவிலே தோற்றது. அடுத்து வந்தது ஆர்ட்டெமிசினின். இதன் வரலாறு தமிழாசிரியர்க்கு இனிப்பதொன்று. வியற்நாம் போர்க்காலத்தில், 1967ஆம் ஆண்டு மே 23ஆந் திகதி, சீன அரசாங்கம் மறைவாக ஒரு மருந்தாராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. அதிற் சேர்ந்த தூ யூயூ என்னும் அம்மையார் பழைய வைத்திய நூல்களைத் துருவினார். ஏறத்தாழ ஆயிரத்தறுநூறு ஆண்டுக்கு முற்பட்ட நூலொன்றிலே, ஒரு பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு கூறியிருந்தது. காய்ச்சி வடிக்குமாறு கூறவில்லை என்பதை அவர் கவனித்தார். வெப்பத்தாற் சத்துக் கெடுகிறது போலும் என்று கருதித் தாழ்ந்த வெப்பத்திற் பிரித்தார், மருந்து கிடைத்தது. 2015இல் நோபெல் பரிசு பெற்றார். பழைய ஏட்டில் ஒரு வினைச்சொல்லைக் கூர்ந்து படித்ததன் பயன் இது. உரை படிப்பதில் வீண்காலம் போக்குகிறோம் என்று எம்மைக் கேலி செய்யும் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு இச்செய்தியை அடிக்கடி சொல்வதுண்டு.

ஆர்ட்டெமிசினினைத் தனியே வழங்கினால் அதற்கும் ஒட்டுண்ணி அடங்காது போய்விடும் என்று அஞ்சி, இன்னொரு மருந்தோடு சேர்த்தே வழங்குக என உலக சுகாதார தாபனம் 2001இல் அறிவுறுத்தியது. அவ்வாண்டிலேயே அத்தாபனத்தோடு செய்த உடன்படிக்கையின்படி, ஆர்ட்டெமீதர், லூமெபான்றின் கலந்த குளிசையை நொவாட்டிஸ் நிறுவனம் இலாபமின்றி வழங்க இசைந்தது. இலாபமின்றியும் வளர்ந்தவர் ஒருவர்க்கு உரிய மருந்தின் விலை ஏறத்தாழ இரண்டு அமெரிக்க டொலர் நாற்பது சதம். குளோரோகுயினோ பத்துச் சதமளவிற் கிடைத்தது. ஒரு நாட்டின் திறைசேரிக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. உதவி நல்கும் அமைப்புக்கள் மலிவான மருந்துக்கே பணம் கொடுத்துவந்தமையை வன்மையாகக் கண்டித்து அறிஞர் சிலர் 2004 சனவரியில் 'லான்செற்' என்னும் வைத்திய இதழில் எழுதினர். பலிக்காதென அறிந்த மருந்தை வறியோர்க்கு வழங்குவது அறமோ என்பதே அவர் வினா. எதியோப்பியாவிலே அக்காலத்திற் பெருங்கொள்ளை நோய். எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பு புதுமருந்தை வழங்க வேண்டுமென்றது. அமைச்சோ நோய் பரவும் நடுவில் மருந்தை மாற்றினால் ஊழியர் தடுமாறுவர் என்று மறுத்தது. இரு திறத்தார் சொல்லிலும் பொருள் இருந்தது. 2004இல் அந்நாடும் மாறிற்று.

கென்யாவில் முடிவு 2004இல் எடுக்கப்பட்டது. மருந்து வைத்தியசாலைகளுக்குச் சென்றது 2006இலே. இடைப்பட்ட இரண்டாண்டில் நடந்தவற்றைப் படிக்கும்போது, ஒரு கலியாணத்துக்கு நாள் குறித்தபின் பந்தற்காரனைத் தேடி அலைவது போன்றிருக்கிறது. உலக நிதியத்தின் பணம் வரும், ஆனால் எத்துணை ஆண்டுக்கு வரும்? ஒரே நிறுவனத்திடமிருந்து வாங்குவதைக் கேள்விப்பத்திர விதிகள் ஏற்குமா? கையிலுள்ள பழைய மருந்துகளை என்ன செய்வது? பழைய மருந்தை நாட்டிலேயே செய்து விற்றுவந்த உற்பத்தியாளர் வருமானம் என்னாகும்? இக்கேள்விகள் யாவும் முடிவு எடுக்குமுன் கேட்டிருக்கத்தக்கவை. இவற்றுக்கு மேலாக, மருந்துக்கு மூலமான பூண்டை உழவர் விதைத்து அறுக்க ஆறு தொடக்கம் எட்டு மாதம் செல்லும். எத்தனை நாடுகள் எத்தனை குளிசை கேட்குமென எவரும் முன்னறிவிக்காமையால், 2004இன் இறுதியில் உலகெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது. ஆகச் சீனத்து உழவரும் உரியோர் வரிசையிற் சேர்கின்றனர்.

கானா நாட்டு நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். அங்கே ஆர்ட்டெசுனேற்றும் அமோடியாகுயினும் சேர்ந்த கலவை 2005இல் வழக்குக்கு வந்தது. உள்நாட்டு நிறுவனங்களும் அதனைச் செய்யலாமென அரசாங்கம் ஊக்கியது. நாட்டு உற்பத்தியாளரை உடன் சேர்த்துக்கொண்டமை நல்லெண்ணத்தின்பாற்பட்டதே. ஆனால் அவற்றுட் சில குளிசைகளில் அமோடியாகுயின் 600 மில்லிகிராம் அளவு செறிந்திருந்தது. ஒருவர் நிறைக்கு ஏற்ப அளவைப் பகுத்துக் கொடுக்க அது இடந்தரவில்லை. உண்டோர் சிலர்க்குக் களைப்பும் மயக்கமும், சிலர்க்குக் கழுத்தும் நாவும் தம் வசமின்றி இழுப்பதும் நேர்ந்தன. வெறுவயிற்றில் உண்ணலாகாது என்பதும் பலர்க்குத் தெரியாது. வானொலியும் பத்திரிகையும் இதனைப் பெரிதாக்கின. ஊழியரே அம்மருந்தை எழுதிக் கொடுக்க மறுத்தனர். எழுதிக் கொடுத்தாலும் மக்கள் வாங்க மறுத்தனர். அரசாங்கம் அவ்வகைக் குளிசைகளைச் சந்தையிலிருந்து அகற்றிற்று. பின்னர் வைத்தியர், மருந்தாளர், பத்திரிகையாளர், உற்பத்தியாளர் முதலானோரைக் கூட்டி ஆராய்ந்து, ஒன்றுக்கு மேற்பட்ட கலவைகளைத் தேர்ந்துகொள்ள இடமளித்தது. இதிலே யான் கருதுவது ஒன்றுண்டு. உரியோரைக் கூட்டுதல் என்பது அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து அனுப்புதலன்று. உற்பத்தியாளரை அழைத்தவர்கள், அவர் செய்யும் குளிசையின் அளவைச் சோதிக்கும் கடமையையும் உடன் ஏற்றிருத்தல் வேண்டும். முறைப்பாடு வந்தால் எவரிடம் சொல்வது என ஊர் வைத்தியசாலைத் தாதிக்கு ஒரு வழியும் காட்டியிருத்தல் வேண்டும். இப்பின்னிரண்டும் இல்லாத கூட்டத்திற் கைச்சாத்துத்தான் மிஞ்சும். நம் கல்வித் துறையிலும் பாடத்திட்டம் மாறும்போது ஆசிரியரை ஒரு நாட் கருத்தரங்குக்கு அழைத்து, முன்னரே அச்சாகிவிட்ட நூலைக் கையில் தந்து, கருத்துக் கேட்ட அனுபவம் எனக்குண்டு. யாம் எழுதிக் கொடுத்த தாள்கள் எங்கே போயின என்பது இன்றுவரை தெரியவில்லை.

கடைக்காரரை இகழ்ந்து பேசுவது படித்தவர் வழக்கம். ஆயினும் ஆபிரிக்கச் சிற்றூர்களிற் காய்ச்சல் வந்தால் முதலிற் செல்லும் இடம் கடையே. வைத்தியசாலை தொலைவு, கடையோ இரவிலும் திறந்திருக்கும், கடனும் தரும். கென்யாவின் கரையோரத்துக் கிலிஃபி மாவட்டத்திலே ஆய்வாளர் சிலர் இக்கடைக்காரரையே மாணவராகக் கொண்டு, எந்த வயதுக்கு எத்தனை குளிசை என்பதைக் கற்பித்தனர். பயிற்சிக்கு முன், கடை மருந்து பெற்ற குழந்தைகளுள் உரிய அளவு குளோரோகுயின் பெற்றோர் நூற்றுக்கு நால்வருமிலர். பயிற்சிக்குப் பின் அறுபத்தைவராயினர். 1999இல் இம்முடிவு வெளிவந்தது. அதற்குள் குளோரோகுயினே அந்நாட்டின் முதன்மருந்து அல்லாததாகிவிட்டது! கற்ற பாடத்தைக் கடைக்காரர் புதுமருந்துக்காக மீண்டும் கற்றனர். சலியாமற் கற்றனர் என்பதே எனக்கு மகிழ்ச்சி தருவது.

எல்லைகளுக்கும் காய்ச்சல் அடங்காது. தென்னாபிரிக்காவின் குவாசுலு-நற்றால் மாகாணத்தில் 2000ஆம் ஆண்டிலே நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவுற்றனர். எஸ்.பி. தோற்றிருந்தது, நுளம்புகளும் புதுக் கிருமிநாசினிகளுக்கு அஞ்சவில்லை. டீ.டீ.ரீ. மீண்டும் தெளிக்கப்பட்டது, 2001 சனவரியில் ஆர்ட்டெமீதர், லூமெபான்றின் கலவை வழக்காயிற்று. மொசாம்பிக், சுவாசிலாந்து ஆகிய அயல்நாடுகளோடு 1999இலேயே கூட்டு முயற்சிக்கு உடன்பட்டிருந்தனர். ஓராண்டில் நோயாளர் தொகை பதினாயிரத்துக்குக் கீழே இறங்கிற்று. மருந்தின் வெற்றி எவ்வளவு, தெளித்தலின் வெற்றி எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிது.

நம் நாட்டில் 2012 ஒற்றோபர் மாதத்தின் பின் உள்ளூரில் நிலைத்துப் பரவும் மலேரியா இல்லை. 2016இல் உலக சுகாதார தாபனம் அதற்குச் சான்றிதழும் தந்தது. பிறநாடு சென்று மீள்வோர் கொண்டுவரும் காய்ச்சலே இப்போதுள்ளது. ஆதலின் அந்நாடுகளில் எம்மருந்து பலிக்கிறது என்பது நமக்கும் உரிய செய்தி. இப்போது அங்கே மூன்றாவது மாற்றம் அண்மித்துவிட்டது. ருவாண்டா, உகண்டா, எரித்திரியா ஆகிய நாடுகளில் ஆர்ட்டெமிசினினுக்கு மெல்ல அடங்கும் ஒட்டுண்ணிகள் வேரூன்றியுள்ளன. 2022 நவம்பரில் இதற்கென ஆபிரிக்காவுக்குத் தனித் திட்டமொன்றை உலக சுகாதார தாபனம் வெளியிட்டது. ஒரே மருந்தை நாடெங்கும் வழங்காது, பல கலவைகளை இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாற்றி வழங்கலாமா எனச் சில நாடுகள் முயல்கின்றன. ஒரே கடையில் மூன்று வகை மருந்து, மூன்று வகை அளவு. இதனைக் கிலிஃபிக் கடைக்காரர் எவ்வாறு நினைவிற் கொள்வார் என நம் வைத்திய நண்பர் கவலைப்பட்டார்.

கனப்பிளசைட் என்னும் புத்தம்புதிய பொருளும் லூமெபான்றினும் சேர்ந்த மருந்தொன்றின் பெருஞ்சோதனை முடிவு 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. குளிசையன்று, சிறு பொதியில் அடைத்த குறுணை, நாளொன்றுக்கு ஒருமுறையாக மூன்று நாள் உண்ணல் வேண்டும். இன்றைய குளிசையை வளர்ந்தவர் மூன்று நாளில் ஆறு வேளையாக இருபத்துநான்கு உண்கின்றனர். முதல் வேளைக்கும் இரண்டாவதற்கும் இடையே எட்டு மணித்தியாலம். கொழுப்புள்ள உணவோடு உண்டாலே நன்கு சுவறும். புதியது எளிதென நண்பர் மகிழ்ந்தார். யான் அவரிடம், "அது கைக்குமா?" என்று கேட்டேன். "தெரியாது, கேட்டெழுதுகிறேன், சேர்" என்றார்.